தகிட தகிட தகதிமி: ஆப்ரோ-கியூப ஜாஸைக் கேட்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

1740ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் மேளம் கொட்டி, கொடி பிடித்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி ரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது என்று புதிய சட்டம் தடை போட்டது. மேளம் சேதி சொல்லும், ஆள் சேர்க்கும் என்பது எசமானர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

207 ஆண்டுகள் கழித்து, 1947 செப்டம்பர் 29 அன்று இரவு, நியூயார்க் கார்னகி அரங்கின் மேடையில் ஒரு கறுப்பின ஜாஸ் குழு வாசித்தது. அந்தக் குழுவின் நடுவே, ஹவானாவிலிருந்து வந்த ஒருவர் உயரமான தோல்மேளத்தை வெறுங்கையால் முழக்கினார். அவர் பெயர் சானோ போசோ. குழுவின் தலைவர் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி.

இந்த 207 ஆண்டுகளையும் இசையிலேயே கேட்க முடியும். அதற்குக் காதைப் பழக்குவதற்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. ஜாஸும் கியூபத் தாளமும் கலந்த ஆப்ரோ-கியூப ஜாஸை, 'லத்தீன் ஜாஸ்' என்ற பெயரில் விற்கப்படும் இந்த இசையை, உணவகத்தின் பின்னணியில் ஒலிக்கும் இனிய சத்தமாகவே பலர் அறிந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம். யார், எங்கே நின்று, எதற்காக அந்தத் தாளத்தைத் தட்டினார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்டால் இந்த இசை வேறொன்றாகிவிடும். இங்கே சொல்லும் பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கின்றன. அடித்தந்தி (பேஸ்) ஒலி தெளிவாகக் கேட்கும் காதொலிப்பான் ஒன்றும், உங்கள் இரண்டு கைகளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: முதலில் கைதட்டுங்கள்

இந்த இசைக்குள் நுழைய ஒரே வாசல்தான் உண்டு. அதன் பெயர் கிளாவே. புதிரை அவிழ்க்கும் குறிப்பைத்தான் ஸ்பானிய மொழியில் இந்தச் சொல் குறிக்கும். இரண்டு உருண்டையான கட்டைகளுக்கும் அதே பெயர், அவற்றில் தட்டப்படும் ஐந்து அடிகள் கொண்ட தாள உருவுக்கும் அதே பெயர். ஹவானாவின் கப்பல் கட்டும் துறையில் பலகைகளை இணைக்கப் பயன்பட்ட மர முளைகளிலிருந்து இந்தக் கட்டைகள் பிறந்தன என்று கியூபாவில் சொல்வார்கள்.

மேலைநாட்டுப் பாடநூல்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாகக் குறியீடுகள் எழுதுகின்றன. நமக்கு அவை தேவையில்லை. சொற்கட்டு தெரிந்த யாருக்கும் இது ஒரு நிமிட வேலை. பதினாறு மாத்திரைகளை இப்படிப் பிரித்துச் சொல்லுங்கள்:

தகிட – தகிட – தகதிமி – தக – தகதிமி

மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, கூட்டினால் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கைதட்டுங்கள், மற்ற எழுத்துகளை வாய் சொல்லட்டும். இதுதான் சோன் கிளாவே. சோன் என்பது கியூபாவின் ஒரு நடனப் பாடல் வகை. நன்றாகப் பிடிபட்ட பிறகு, நான்கு மாத்திரைக்கு ஒரு முறை காலால் தரையைத் தட்டுங்கள். கையும் காலும் முதல் அடியில் சேரும், பிறகு பிரியும், கடைசி அடியில் மறுபடி சேரும். இரண்டாவது கைத்தட்டு, காலுக்கு ஒரு மாத்திரை முன்னதாகவே விழும். அந்த இடத்தில் உடம்பு லேசாக முன்னே சாய்வதை உணர்வீர்கள். நடனம் அந்தச் சாய்விலிருந்துதான் கிளம்புகிறது.

வாயால் சொல்வதை நிறுத்தியும் கை தடுமாறாத வரை பழகுங்கள். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இரண்டு மரக்கட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. இடது கையைக் குவித்து, அந்தக் குழிவின்மேல் ஒரு கட்டையை விரல்நுனிகளில் தளர்வாக வைக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். உள்ளங்கைக் குழிவுதான் அதன் குடம். வலது கைக்கட்டையால் அதன் நடுவில் தட்டினால், இருபது பேர் வாசிக்கும் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அந்த ஒலி வெளியே வரும்.

அடுத்து, ஒரே ஒரு அடியை ஒரு மாத்திரை தள்ளிப் போடுங்கள்:

தகிட – தகதிமி – தகிட – தக – தகதிமி

இது ரும்பா கிளாவே. ரும்பா என்பது மேளமும் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த கியூபத் தெரு இசை. மூன்றாவது அடி மட்டும் சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதம் இசையின் முகத்தையே மாற்றிவிடுகிறது. சோன் கிளாவே நடந்து வருகிறது என்றால், ரும்பா கிளாவே ஓர் அடி எடுத்து வைத்து, ஒரு கணம் நின்று, பிறகு வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த உருவுக்கு இரண்டு பாதிகள் உண்டு: மூன்று அடிகள் உள்ள முதல் எட்டு மாத்திரை, இரண்டு அடிகள் உள்ள அடுத்த எட்டு. ஒரு பாடல் எந்தப் பாதியிலிருந்தும் தொடங்கலாம். தொடங்கியபின் கடைசிவரை ஒழுங்கு மாறக் கூடாது. எல்லா வாத்தியங்களும் தங்கள் வரிகளை அதற்கு ஏற்பவே அமைத்துக்கொள்கின்றன. யாராவது தலைகீழாக வாசித்தால், 'கிளாவே குறுக்கே போய்விட்டது' என்று கியூபக் கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். பல நேரம் கிளாவே கட்டையை மேடையில் யாருமே தட்டுவதில்லை. இருந்தும் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள்.

படி 2: அடித்தந்தியைத் தேடுங்கள்

கைதட்டல் பழகியதும் 1920களில் பதிவான செக்ஸ்டெட்டோ ஹபனேரோ குழுவின் பாடல் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். கட்டை ஒலி தெளிவாகவே கேட்கும். சேர்ந்து தட்டுங்கள்.

பிறகு பிற்காலப் பதிவு ஒன்றில் அடித்தந்தி வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். மற்ற இசைகளில் அது முதல் அடியில் ஊன்றி நிற்கும். இங்கே முதல் அடியைத் தாண்டிவிட்டு, கிளாவேயின் இரண்டாவது, மூன்றாவது அடிகள் விழும் இடங்களில் ஒலிக்கும். அடுத்து வரப்போகும் சுரத்தை அது முன்கூட்டியே சொல்லிவிடுவதால் தரை எப்போதும் ஒரு கணம் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். பியானோ ஒரே சிறு வரியைத் திரும்பத் திரும்பச் சுழற்றும். மணியடிப்பவர் நடனக்காரர்களின் காலுக்கு அடியளவு கொடுப்பார். இத்தனை பேரும் ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் வந்து உட்காருகிறார்கள்.

படி 3: மேளத்தை மட்டும் கேளுங்கள்

ஜாஸுக்குப் போகும் முன் ஒரு வாரமாவது ரும்பா கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் படியைத் தவிர்த்தவர்களுக்குப் பின்னால் வருவதெல்லாம் அலங்காரமாகவே தெரியும்.

கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது. சட்டம் தடுத்த பிறகும் 1860கள்வரை ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் இறக்கினார்கள். ஒரு தலைமுறையின் நினைவு மங்குவதற்குள் அதே ஊரிலிருந்து, அதே மொழி பேசிக்கொண்டு அடுத்த கூட்டம் வந்து சேர்ந்தது. நகரங்களில் கபில்டோ எனப்பட்ட சங்கங்கள் இருந்தன. யொருபா வழியினர், காங்கோ வழியினர், கலபார் கரையிலிருந்து வந்தவர்கள் என அவரவர் இனத்துக்கு ஒரு சங்கம். நோயுற்றவரைப் பார்த்துக்கொள்வது, இறந்தவரை அடக்கம் செய்வது, பணம் சேர்த்து ஒருவரை விடுவிப்பது எல்லாம் அங்கேதான் நடந்தன. திருநாளன்று அவர்களுடைய மேளங்களும் அங்கேதான் ஒலித்தன. கரோலினாவில் பறிக்கப்பட்டது கியூபாவில் இந்தச் சங்கங்களின் கூரைக்குக் கீழே உயிர் பிழைத்தது.

அங்கும் தொல்லை ஓயவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆப்பிரிக்க மேளங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்தும் ஆணைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஹவானா, மடான்சாஸ் துறைமுகங்களில் சுமை தூக்கியவர்கள், கருவாட்டு மீனும் மெழுகுவர்த்தியும் வந்திறங்கிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து வாசித்தார்கள். ரும்பாவின் மூத்த வாத்தியம் அந்தப் பெட்டிதான். இன்றும் அதை மேடையில் பார்க்கலாம்.

ரும்பாவில் மூன்று வகை உண்டு: மெதுவான யம்பூ, ஆணும் பெண்ணும் துரத்தி விலகி ஆடும் குவாகுவாங்கோ, ஆண்கள் தனித்து ஆடும் கொலம்பியா. 1952இல் தொடங்கிய லோஸ் முன்யெக்கீத்தோஸ் தெ மடான்சாஸ் குழுவின் குவாகுவாங்கோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கிளாவே. பிறகு மூங்கில் துண்டில் குச்சிகள் படபடக்கும் ஒலி. இரண்டு தாழ்ந்த மேளங்கள் தங்களுக்குள் உரையாடலைத் தொடங்கும். பாடகர் பொருளற்ற அசைகளில் ஓர் இழுப்பு இழுப்பார், பிறகு கதை சொல்வார். நடுவில் எல்லோரும் ஒரே வரியைத் திருப்பிப் பாடத் தொடங்கும் இடம் வரும். அங்கேதான் நடனம் தொடங்குகிறது. அங்கிருந்து உயர்ந்த சுருதியுள்ள மூன்றாவது மேளத்தைக் கவனியுங்கள். அதன் பெயர் கின்ட்டோ. ஆடுபவரின் தோளும் இடுப்பும் செய்வதை அது கேலி செய்கிறது, தூண்டுகிறது, வழிமறிக்கிறது. உங்கள் காதொலிப்பானில் ஆடுபவர் தெரியமாட்டார். இருந்தும் கின்ட்டோவின் அடிகளை வைத்தே அவர் எங்கே திரும்பினார் என்று ஊகிக்கலாம்.

அந்தக் காலத்து மேளங்களில் தோலை ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். சுருதி இறங்கினால் நெருப்பில் காட்டித்தான் ஏற்ற வேண்டும். பறையைக் காய்ச்சி வாசிப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தச் சூடேறிய தோலின் ஒலி உடனே பிடிபடும்.

கோயில் மேளம் வேறு வகை. யொருபா வழிபாட்டில் பட்டா எனப்படும் மூன்று இருமுக மேளங்கள் இடம்பெறுகின்றன: தாய் மேளமான இயா, அடுத்து இத்தோத்தெலே, சிறியதான ஒகோன்கோலோ. தெய்வங்களை அழைக்கும் மேளங்கள் அவை. 1936இல் அறிஞர் பெர்னாண்டோ ஓர்ட்டீஸ் ஹவானாவில் முதன்முறையாகப் பொதுமேடையில் அவற்றை ஒலிக்கச் செய்தார். வழிபாட்டுக்கு உரிய புனித மேளங்களை வெளியே கொண்டுவர முடியாது என்பதால் அதற்கென்றே தனியாக மேளங்கள் செய்யப்பட்டன. 2016இல் யுனெஸ்கோ கியூபாவின் ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

படி 4: பாடலின் சொற்களைக் கேளுங்கள்

கியூப இசைக்கலைஞர் ஆர்செனியோ ரோட்ரிகெஸ் 1911இல் பிறந்தவர். ஏழு வயதில் கால்நடை உதைத்ததில் கண்பார்வை இழந்தார். ட்ரெஸ் என்ற தந்தி வாத்தியத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. காங்கோ வழிவந்த அவரது குடும்பத்தில் பழைய பாடல்களும் பழைய மொழியும் மிச்சமிருந்தன. 1937இல் அவர் இயற்றிய 'புருக்கா மணிகுவா'வில் ஸ்பானிய மொழியோடு காங்கோச் சொற்கள் கலந்து வரும். பாடுபவன் தன்னைக் கரபாலி என்று, அதாவது கலபார் வழியினன் என்று, அறிமுகப்படுத்திக்கொள்கிறான். விடுதலை இல்லாமல் தன்னால் உயிர்வாழ முடியாது என்கிறான். அடிமைமுறை ஒழிந்து 51 ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பாடலைப் பதிவுசெய்து புகழ்பெறச் செய்தது வெள்ளையர் குழுவான காசினோ தெ லா பிளாயா. அன்று ஹவானாவின் ஆடம்பர விடுதிகளின் மேடைகளில் எந்த நிறத்தவர் நிற்கலாம் என்பதற்கு எழுதப்படாத விதிகள் இருந்தன.

1940 வாக்கில் ஆர்செனியோ தன் குழுவில் காங்கா என்ற, வெறுங்கையால் முழக்கும் உயரமான மேளத்தைச் சேர்த்தார். பியானோவைச் சேர்த்தார். டிரம்பெட்டுகளைப் பெருக்கினார். சிறிய சோன் குழு ஒரு முழுப் பட்டாளமாயிற்று. தெருவிலும் கபில்டோவிலும் இருந்த மேளம் இப்படித்தான் நடன மண்டபத்துக்குள் வந்தது. பின்னாளில் சல்சா என்று அழைக்கப்பட்ட இசையின் எலும்புக்கூடு இங்கே தயாராகிவிட்டது. 1947இல் பார்வை திரும்புமா என்று அறிய நியூயார்க் போனார். வாய்ப்பே இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த வேதனையில் அவர் எழுதிய பொலேரோ, அதாவது மெதுவான பாடல், 'வாழ்க்கை ஒரு கனவு'. இன்றும் கியூபர்கள் அதை மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

படி 5: ஒரு பெயரின் துணிச்சலை எடைபோடுங்கள்

இப்போது நியூயார்க்குக்குப் போவோம். கியூப இசைக்கலைஞர் மாரியோ பவுசா 1926இல் பதினைந்து வயதுச் சிறுவனாக, ஒரு ஹவானா இசைக்குழுவோடு பதிவுக்காக அங்கே வந்தவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் தங்கள் இசையை வாசித்துக்கொண்டு தலைநிமிர்ந்து நடந்ததைப் பார்த்தார். ஹவானாவில் அவருக்கு அது கிடைக்கவில்லை. 1930இல் நியூயார்க்கிலேயே குடியேறினார். சிக் வெப்பின் ஜாஸ் குழுவில் டிரம்பெட் வாசித்து அதன் இசை இயக்குநராகவும் ஆனார். பிறகு கேப் காலோவே குழுவில் சேர்ந்தார். அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளைஞர்தான் டிஸ்ஸி கில்லெஸ்பி.

1940இல் பவுசாவின் மைத்துனர் மச்சீத்தோ ஒரு குழு தொடங்கினார். அடுத்து பவுசாவும் அதில் சேர்ந்து இசைப் பொறுப்பை ஏற்றார். குழுவுக்கு வைத்த பெயர் 'மச்சீத்தோவும் அவருடைய ஆப்ரோ-கியூபர்களும்'. அன்றைய சூழலை நினைத்துப் பாருங்கள். லத்தீன் இசை என்றால் பட்டுச் சட்டையும் வெளுத்த முகமும்தான் விற்றன. கியூபாவிலேயே 'ஆப்பிரிக்க' என்ற சொல் பலருக்கு வசையாக இருந்தது. அந்தச் சொல்லைப் பலகையில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினார்கள். இந்த இசையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

1943இல் பிறந்த 'தாங்கா'வைக் கேளுங்கள். ஜாஸ் குழுவின் பித்தளை வாத்தியங்கள், ஜாஸுக்கே உரிய கற்பனை வாசிப்பு, அடியில் முழுக்க முழுக்கக் கியூபத் தாளம். ஆப்ரோ-கியூப ஜாஸ் என்ற வகையின் முதல் படைப்பாகப் பலரும் இதையே குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு மச்சீத்தோ அமெரிக்க ராணுவத்துக்கு அழைக்கப்பட்டபோது, அவரது வளர்ப்புச் சகோதரி கிராசியேலா ஹவானாவிலிருந்து வந்து குழுவின் குரலானார். அதற்கு முன் அவர் பாடியது அனகாவோனா குழுவில். அது 1932இல் ஹவானாவில் சகோதரிகள் சேர்ந்து தொடங்கிய, பெண்கள் மட்டுமே வாசித்த குழு.

படி 6: ஒரே பாடலைப் பத்து முறை கேளுங்கள்

1947 டிசம்பர் 30 அன்று ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவான 'மன்டேக்கா'தான் அந்தப் பாடல். மன்டேக்கா என்றால் பன்றிக்கொழுப்பு. மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் ஓடும். அதற்குள் இரண்டு உலகங்கள் மோதி, ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன.

சானோ போசோ 1915இல் ஹவானாவின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். துறைமுகத் தொழிலாளர்களின் ரகசியச் சகோதரத்துவமான அபக்குவாவைச் சேர்ந்தவர். திருவிழா ஊர்வலங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றவர். 1947இல் நியூயார்க் வந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மேளக்காரர் ஒருவர் வேண்டும் என்று கேட்ட கில்லெஸ்பிக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் பவுசா. கில்லெஸ்பிக்கு ஸ்பானிய மொழி தெரியாது. தாங்கள் இருவரும் ஆப்பிரிக்க மொழி பேசிக்கொண்டதாகப் பின்னாளில் கில்லெஸ்பி சொல்வார். ஊர் ஊராகப் போகும் பஸ்ஸில் சானோ குழுவினர் கைகளில் மேளங்களைக் கொடுத்து, ஆளுக்கொரு தாளம் கற்றுக்கொடுத்து, அதன்மேல் தான் பாடுவார். 1740இல் பறிக்கப்பட்ட மேளத்தை அந்தச் சட்டத்தின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் மறுபடி தொட்டார்கள். அந்தக் கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இனிப் பதிவைக் கேளுங்கள். முதல் முறை, தொடக்கத்தை மட்டும். காங்காவும் அடித்தந்தியும் ஒரு சிறு வரியோடு தொடங்குகின்றன. அதன்மேல் சாக்ஸபோன், டிராம்போன், டிரம்பெட் என்று ஒவ்வொரு அடுக்காக ஏறுகிறது. ஒவ்வொன்றும் தன் துண்டு வரியை விடாமல் திருப்பிச் சொல்கிறது. சானோ இதை எழுதிக் கொடுக்கவில்லை. இசைக்குறிப்பு எழுதத் தெரியாத அவர், எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று வாயால் பாடியே காட்டினார். மூன்றாம் படியில் கேட்ட ரும்பாவை நினைத்துப் பாருங்கள். மூன்று மேளங்கள் செய்ததை இங்கே பித்தளை வாத்தியங்கள் செய்கின்றன. மேளக் குழுவின் இலக்கணத்தில் ஒரு ஜாஸ் குழுவே அமர்ந்திருக்கிறது.

இரண்டாம் முறை, நடுப்பகுதி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். திடீரென இசை விரிந்து இனிமையாகும், சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத் தொடங்கும். இந்தப் பகுதியை எழுதியவர் கில்லெஸ்பி. சானோவின் போக்கில் விட்டிருந்தால் முழுவதும் ஒரே சுழலாகவே ஓடியிருக்கும், ஜாஸ் காதுக்கு ஓர் இடைப்பகுதி தேவை என்று அவர் நினைத்தார். எட்டு தாளச் சுற்று போதும் என்று தொடங்கியவர், முடிக்க வழி தெரியாமல் பதினாறுக்குப் போனார். அதை ஒழுங்குபடுத்தி முழுக்குழுவுக்கு அமைத்தவர் கில் புல்லர்.

மூன்றாம் முறையிலிருந்து, இடைப்பகுதியில் காங்காவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாஸ் வாசிப்பவர்கள் ஸ்விங் அடிக்கும்போது மாத்திரைகள் சமமாக இருக்காது, ஒன்று நீளும், மற்றது குறுகும். கியூபத் தாளத்தில் அவை சமமாக நடக்கும். டிரம்பெட்டுகள் ஒரு பக்கம் சாய்கின்றன, சானோவின் கை அசையாமல் நேராகப் போகிறது. இரண்டும் முழுமையாக ஒட்டவில்லை. இதைக் குறை என்று சொல்லும் கியூப விமர்சகர்கள் உண்டு, கிளாவேயின் கணக்கில் அவர்கள் சொல்வது சரிதான். எனக்கோ அந்த உரசல்தான் பாடலின் உயிர். இருநூறு ஆண்டு பிரிந்திருந்த உறவுகள் சந்தித்த முதல் நாளிலேயே ஒரே குரலில் பேசுவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பின்னாளில் கில்லெஸ்பி மேடைகளில் இதை வாசிக்கும்போது, ஜார்ஜியாவுக்கு இனித் திரும்பவே மாட்டேன் என்று முழங்குவார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்மாநிலம் அது. கேட்பவர்கள் சிரித்தபடி கைதட்டினார்கள். மேடையில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

பதிவாகி ஓர் ஆண்டுகூட முடியவில்லை. 1948 டிசம்பர் 2 அன்று ஹார்லெமில் ஒரு மதுக்கூடத்தில் சானோ போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. அவரோடு பஸ்ஸில் மேளம் பழகிய அடித்தந்திக் கலைஞர் ஆல் மெக்கிப்பன், கற்றதை வாழ்நாள் முழுவதும் வாசித்தார்.

படி 7: எழுந்து நில்லுங்கள்

இது நடன இசை. உட்கார்ந்தே கேட்பது பாதி கேட்பதுதான். 1940களின் இறுதியில் நியூயார்க் பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் பலேடியம் என்ற நடன மண்டபம், கியூபத் தாளத்தில் ஆடும் மம்போ நடனத்துக்குத் தலைமையிடமாயிற்று. புவேர்ட்டோ ரிக்கர், கறுப்பினத்தவர், யூதர், இத்தாலியர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். 1950களின் அமெரிக்காவில் இப்படி ஓர் இடம் எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு நடுவிடம், அவ்வளவுதான். பக்கத்திலேயே பேர்ட்லேண்ட் ஜாஸ் கூடம் இருந்ததால் கலைஞர்கள் இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே ஆண்டவர்கள் மச்சீத்தோ, டீட்டோ ரோட்ரிகெஸ், டீட்டோ புவெந்தே. புவெந்தே ஹார்லெமில் புவேர்ட்டோ ரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் படைவீரர்களுக்கான அரசு உதவியில் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்தார். பின்வரிசையில் இருந்த டிம்பாலே மேளத்தை மேடையின் முன்னால் கொண்டுவந்து, நின்றபடி வாசித்தார். 1958இல் வந்த அவரது 'டான்ஸ் மேனியா' இசைத்தட்டைப் போட்டு, இரண்டாம் படியில் சொன்ன மணியோசைக்குக் கால் மாற்றிப் பாருங்கள்.

படி 8: பக்கத்துத் தீவுகளையும் எட்டிப் பாருங்கள்

கியூபா மட்டுமே கதை இல்லை. 1917இல், போருக்குப் போகும் கறுப்பினப் படைப்பிரிவின் இசைக்குழுவுக்கு ஆள் தேடி அதன் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் புவேர்ட்டோ ரிக்கோவுக்கே போனார். அப்படி வந்தவர்களில் ஒருவர், பிறகு பெரும் பாடலாசிரியரான ரபேல் எர்னாண்டெஸ். அந்தத் தீவின் பொம்பா ஆட்டத்தில் மேளக்காரர் ஆடுபவரைப் பின்பற்ற வேண்டும். ஆடும் பெண் பாவாடை நுனியை வெட்டி இழுத்தால் மேளம் அதே கணத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பிளேனா பாடல்களுக்கு 'பாடும் செய்தித்தாள்' என்றே பெயர். வேலைநிறுத்தம், வெள்ளம், ஊர் வம்பு எல்லாம் கைப்பறைகளின் துணையோடு அதில் ஏறும்.

குவாதலூப் தீவில் க்வோ-கா என்ற மேள மரபு இருக்கிறது. 2014இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாக்ஸபோன் கலைஞர் ஜாக் ஷ்வார்ஸ்-பார்ட் அதை ஜாஸோடு இணைத்திருக்கிறார். நமக்கு அந்தத் தீவு அந்நியமும் இல்லை. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால், சென்னை உள்ளிட்ட துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அங்கே மாரியம்மன் வழிபாட்டில் ஒலிக்கும் மேளத்துக்கு இன்றும் தப்பு என்றே பெயர்.

படி 9: மேடைக்கு வெளியே நடப்பதைப் பாருங்கள்

1969இல் பியானோ கலைஞர் எட்டி பால்மியேரி வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'ஹுஸ்டிசியா'. நீதி என்று பொருள். நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்க இளைஞர்கள் குப்பை அகற்றலுக்கும் மருத்துவத்துக்கும் தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டு அது. 1972இல் அவர் சிங் சிங் சிறைக்குள் கைதிகளுக்கு முன் வாசித்தார். அந்தப் பதிவில் கைதிகளின் ஆரவாரமும் இசையோடு கலந்து ஒலிக்கிறது.

கியூபாவில் நிலைமை வேறு. புரட்சிக்குப் பிறகு ஜாஸ் எதிரி நாட்டு இசையாகச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. 1973இல் சூச்சோ வால்டெஸ் தொடங்கிய இரக்கெரே, மின்கித்தாருக்கும் டிரம்பெட்டுகளுக்கும் நடுவே பட்டா மேளங்களை வைத்தது. இரக்கெரே என்பது காட்டைக் குறிக்கும் யொருபாச் சொல். கியூப நடன இசை என்ற முகத்தோடு ஜாஸும், பொழுதுபோக்கு என்ற முகத்தோடு தெய்வ மேளமும் உள்ளே வந்தன. 1977இல் கில்லெஸ்பி கப்பலில் ஹவானா வந்தபோது அவரைக் காரில் ஊர் சுற்றிக் காட்டியவர் ஆர்துரோ சாந்தோவால் என்ற இளைஞர். சானோ வளர்ந்தது போன்ற தெருக்களில் ரும்பா கேட்கப் போனார்கள். தன் ஓட்டுநர் டிரம்பெட் கலைஞர் என்பது அன்று இரவு மேடையில்தான் கில்லெஸ்பிக்குத் தெரிந்தது.

2011இல் கிராமி விருதுகளின் பிரிவுகளை 109இலிருந்து 78ஆகக் குறைத்தபோது லத்தீன் ஜாஸ் பிரிவும் நீக்கப்பட்டது. மேளக் கலைஞர் பாபி சனாப்ரியா உள்ளிட்டோர் போராடினார்கள், வழக்கும் தொடுத்தார்கள். மறு ஆண்டே அந்தப் பிரிவு திரும்பி வந்தது.

படி 10: ஒரு மாலையில் கேட்கும் வரிசை

எல்லாம் பழகிய பிறகு ஒரு மாலையை ஒதுக்குங்கள். முன்யெக்கீத்தோஸின் ஒரு குவாகுவாங்கோவில் தொடங்குங்கள். அடுத்து 'புருக்கா மணிகுவா', பிறகு 'தாங்கா', பிறகு 'மன்டேக்கா'. ஐந்தாவதாக 1950இல் சிக்கோ ஓபாரில் இயற்றி, மச்சீத்தோவின் குழுவோடு சார்லி பார்க்கர் வாசித்த 'ஆப்ரோ-கியூப ஜாஸ் சூட்'டை வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதைக் கடைசிக்கு முன்னதாக வைப்பேன். மோங்கோ சாந்தாமரியாவின் 'ஆப்ரோ ப்ளூ' வந்தால் கிளாவேயை விட்டுவிட்டு தகிட தகிட என்று மூன்று மூன்றாகவும், அதன்மேல் இரண்டிரண்டாகவும் தட்டிப் பாருங்கள். முடிவாக, புவேர்ட்டோ ரிக்க சாக்ஸபோன் கலைஞர் மிகேல் செனோனின் 'எஸ்டா பிளேனா'. பிளேனாக் கைப்பறைகளோடு ஜாஸ் பேசும் இசைத்தட்டு அது. வெளிவந்தது 2009இல். 2011இலிருந்து அவர் புவேர்ட்டோ ரிக்கோவின் சிற்றூர்களுக்குப் போய் இலவசமாக ஜாஸ் வாசிக்கிறார், கச்சேரிக்கு முன் அந்த இசையை விளக்கிச் சொல்கிறார், உள்ளூர் மாணவர்களையும் தன்னோடு மேடையேற்றுகிறார்.

இசைத்தட்டுகளுக்கு நடுவே கையை நிறுத்தாதீர்கள். ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் அமைதியிலும் தகிட தகிட தகதிமி தக தகதிமி என்று தட்டிக்கொண்டே இருங்கள். அடுத்த பாடலின் முதல் மேளம் உங்கள் கைக்கு எங்கே வந்து சேர்கிறது என்று கேளுங்கள்.